நிலக்காட்சியும் சுமைகூலியும்: சாமுவேல் போர்னின் இமயப் பயணங்கள் (1863–1866)

நிலக்காட்சி ஒளிப்பட வரலாறு பெரும்பாலும் கலைஞரின் பார்வையை முதன்மைப்படுத்தியே எழுதப்பட்டுள்ளது. நாட்டிங்காம் நகரில் வங்கி எழுத்தராக இருந்து, 1863இல் இந்தியா வந்த சாமுவேல் போர்ன் மேற்கொண்ட மூன்று இமயப் பயணங்களும் தனிமனிதச் சாதனையாகவே பேசப்படுகின்றன. அவற்றைச் சுமைகூலிகளின் உழைப்போடு இணைத்து நோக்குகிறது இக்கட்டுரை.

போர்ன் கையாண்டது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே உருத்துலக்கிவிட வேண்டும். தகட்டின் அளவே அச்சுப்படத்தின் அளவு. பெரிய படம் வேண்டுமெனில் பெரிய கருவி வேண்டும். எனவே தகடுகள், வேதிப்பொருள்கள், இருட்டுக்கூடாரம் ஆகிய அனைத்தும் காட்சியுள்ள இடத்திற்கே மனிதர் முதுகில் சென்றாக வேண்டும். பத்து வார முதற்பயணத்திற்கே ஏறத்தாழ 30 சுமைகூலிகள் தேவைப்பட்டனர். 1866இல் சுமார் 18,600 அடி உயரமுள்ள மணிரங் கணவாயில் எடுக்கப்பட்ட படங்கள் அவ்வுயரத்தாலேயே புகழ்பெற்றன. ஏறியவர் போர்ன் மட்டுமல்லர்.

இமயத்தின் பேருருவம் ஆங்கில ஓவிய மரபில் பழகிய அவருடைய கண்ணுக்கு எளிதில் அடங்கவில்லை. ஏரியும் நீர்நிலையும் இல்லாத மலைக்காட்சி அவருக்குக் குறையாகப்பட்டது. 1864இல் காசுமீரத்தின் ஏரிகளே அக்குறையைத் தீர்த்தன. (அழகு குறித்த இம்முன்முடிவு தனி ஆய்வுக்குரியது.)

படங்கள் மறைப்பதை அவருடைய எழுத்து வெளிப்படுத்துகிறது. பிரித்தானிய ஒளிப்பட இதழில் வெளிவந்த அவருடைய பயணத் தொடர்களில் கூலிகள் ஓயாது இடம்பெறுகின்றனர். அவர்கள் சுமையை விட்டு ஓடியதையும், தாம் தேடிப் பிடித்துத் தடியால் அடித்ததையும் போர்ன் தயக்கமின்றிப் பதிவுசெய்கிறார். அவர் சோம்பல் எனக் கண்டதை நாம் மறுப்பு என வாசிக்க இடமுண்டு. சிம்லா மலைநாட்டில் பேகார் என்னும் கட்டாய ஊழியம் நிலவிய காலம் அது; கோட்கட் பகுதியில் அதற்கெதிராகச் சாமுவேல் எவான்சு சுடோக்சு தலைமையில் போராட்டம் எழுந்தது 1921இல்தான். அவ்வெதிர்ப்பின் தொடக்கத்தை அரசியல் இயக்கத்தில் மட்டும் தேடுவது போதாது. மலைநாட்டு ஆவணங்களிலுள்ள பேகார் குறித்த பதிவுகளைப் போர்னின் பயண வழிகளோடு ஒப்பிட்டு நோக்குவதே இவ்வாய்வின் அடுத்த கட்டம்.