புற்றுநோய்ப் பிரிவில் உங்கள் ஃபைலை முதலில் பார்க்கும் இளம் டாக்டர் யார்? அவர் என்ன கற்றுக்கொண்டிருக்கிறார்?

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டது. ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, ஸ்கேன் படங்களை ஒரு பெரிய பையில் திணித்துக்கொண்டு, பெரிய மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் காலையிலேயே டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்கள் வந்தது சீஃப் டாக்டரைப் பார்க்க. ஆனால் முதலில் கூப்பிட்டு, "இந்தக் கட்டி எப்போ இருந்து இருக்கு?" என்று கேட்பவர் கிட்டத்தட்ட உங்கள் வயதுக்காரர்.

"இவங்க இன்னும் படிச்சிட்டிருக்கிறவங்கதானே? பெரிய டாக்டர் எப்போ பார்ப்பாரு?"

இந்தக் கேள்வி உங்களுக்கு வந்தால் அதில் தவறில்லை. ஆமாம், அவர் படித்துக்கொண்டிருப்பவர்தான். அதே சமயம் எம்.பி.பி.எஸ். முடித்த, பதிவு பெற்ற டாக்டரும்கூட. சிகிச்சைத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது சீனியர். ஆனால் அரசு மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரியிலும் நோயாளியோடு அதிக நேரம் இருப்பவர் இந்த ஜூனியர்தான். அவருக்கு எது முறையாகச் சொல்லித்தரப்படுகிறது, எது அவரவர் அதிர்ஷ்டத்துக்கு விடப்படுகிறது என்று தெரிந்துகொள்வது உங்களுக்கும் நல்லது.

எத்தனை வருடப் படிப்பு?

எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, அதன் பிறகு ஓராண்டு ஹவுஸ் சர்ஜன். அதற்கு மேல் புற்றுநோய் சிகிச்சைக்கு மூன்று முக்கியப் பாதைகள் இருக்கின்றன.

கதிர்வீச்சு சிகிச்சை என்றால் ரேடியேஷன் ஆன்காலஜியில் 3 ஆண்டு எம்.டி. இதற்கு நீட் பி.ஜி. தேர்வு எழுத வேண்டும். எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற நிறுவனங்களுக்கு ஐ.என்.ஐ. செட் என்ற தனித் தேர்வு உண்டு.

கீமோதெரபி போன்ற மருந்து சிகிச்சை என்றால் பொது மருத்துவம் போன்ற பிரிவில் 3 ஆண்டு எம்.டி. முடித்து, நீட் எஸ்.எஸ். எழுதி, மெடிக்கல் ஆன்காலஜியில் இன்னும் 3 ஆண்டு டி.எம். படிக்க வேண்டும். அறுவை சிகிச்சை என்றால் எம்.எஸ். 3 ஆண்டு, அதன் மேல் எம்.சிஎச். 3 ஆண்டு.

கூட்டிப் பார்த்தால் பின்னிரண்டு பாதைகளுக்கும் பதினொன்றரை ஆண்டு. 18 வயதில் சேர்ந்தவர், நடுவில் ஒரு வருடம்கூடத் தவறாமல் போனாலும், முடிக்கும்போது 30-ஐ நெருங்கிவிடுவார். இந்த டி.எம்., எம்.சிஎச். படிப்புகள் நாட்டிலேயே முதன்முதலில் 1984-ல் தொடங்கியது சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில்தான்.

தேவை எவ்வளவு? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிட்ட 2022-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஆண்டில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் சுமார் 14.1 லட்சம் பேர். ஒரு நாளைக்குப் பார்த்தால் 3,800-க்கும் மேல்.

சம்பந்தமில்லாத கேள்விகளை ஏன் கேட்கிறார்?

"தானா குளிக்கிறாரா? பகல்ல எவ்வளவு நேரம் படுத்திருக்கிறாரு?" கட்டியைப் பற்றிப் பேச வந்தவருக்கு இது எரிச்சலாகக்கூட இருக்கலாம். ஆனால் புற்றுநோய்ப் பிரிவில் சேரும் ஜூனியர் முதல் வாரங்களிலேயே கற்கும் விஷயம் இது. நோயாளியின் அன்றாட இயக்கத்தை 0 முதல் 5 வரை அளக்கும் ஒரு அளவுகோல் இருக்கிறது. எப்போதும்போல வேலைகளைச் செய்தால் 0. முழுக்கப் படுக்கையிலேயே இருந்தால் 4. மரணம் 5. கடுமையான கீமோவை உடம்பு தாங்குமா என்று முடிவெடுக்க, ஸ்கேனைப் போலவே இந்த எண்ணும் முக்கியம்.

கட்டியின் அளவு, நெறிக்கட்டுகள், வேறு உறுப்புக்குப் பரவல் ஆகிய மூன்றையும் வைத்து நோயின் நிலையைக் குறிப்பதும் அவர் வேலை. பிறகு சர்ஜன், கீமோ டாக்டர், ரேடியேஷன் டாக்டர், பேத்தாலஜிஸ்ட் எல்லோரும் சேர்ந்து உட்காரும் ட்யூமர் போர்டு கூட்டத்தில் பெரும்பாலும் கேஸை எடுத்துச் சொல்பவரும் ஜூனியர்தான். நீங்கள் அவரிடம் சொல்லாமல் விட்ட சர்க்கரை நோயும், நிறுத்தாமல் சாப்பிடும் நாட்டு மருந்தும் அந்த மேசைக்குப் போகாது.

ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பது ஏன்?

பல கீமோ மருந்துகளின் அளவு உடலின் மேற்பரப்பைப் பொறுத்தது. உயரத்தையும் எடையையும் வைத்து அதைக் கணக்கிடுவார்கள்.

ஒரு உதாரணம். உயரம் 160 செ.மீ., எடை 60 கிலோ என்றால் மேற்பரப்பு சுமார் 1.63 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம் தர வேண்டிய மருந்து என்றால், மொத்தம் சுமார் 285 மில்லிகிராம். சாப்பிட முடியாமல் அதே ஆள் 50 கிலோவுக்கு இறங்கிவிட்டால்? மேற்பரப்பு 1.49. மருந்து சுமார் 260. பழைய சீட்டைப் பார்த்து அப்படியே எழுதினால் 25 மில்லிகிராம் கூடுதலாகப் போய்விடும்.

அதனால்தான் ஜூனியர் எழுதியதை நர்ஸும் சீனியரும் மறுபடி சரிபார்க்கிறார்கள். சில மருந்துகளில் தவறுக்கு இடமே இல்லை. வின்கிறிஸ்டின் என்ற மருந்தை ரத்தக் குழாய் வழியாக மட்டுமே தர வேண்டும். தவறிப்போய் முதுகுத்தண்டு வழியாக ஏற்றினால் உயிரே போய்விடும். அந்தக் குழப்பம் வராமலிருக்க, அதை சிரிஞ்சில் எடுக்காமல் சிறிய சலைன் பையில் கலந்து கொடுக்கச் சொல்லி 2007-ல் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது.

நைட் டியூட்டியில் வரும் காய்ச்சல்

கீமோ போட்ட ஒன்று, இரண்டு வாரத்தில் பலருக்கு வெள்ளணுக்கள் வெகுவாகக் குறையும். அப்போது வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் அல்ல. ரத்தத்தில் கிருமி பரவினால் சில மணி நேரத்திலேயே நிலைமை கைமீறிவிடும். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும் என்பது ஜூனியர்களின் மனதில் திரும்பத் திரும்பப் பதியவைக்கப்படும் பாடம்.

இதில் உங்கள் பங்கும் இருக்கிறது. கீமோ எடுப்பவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், "பாரசிட்டமால் போட்டுட்டு காலைல பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். நடுராத்திரி என்றாலும் கிளம்புங்கள்.

ரேடியேஷன் பிரிவில் என்ன கற்கிறார்கள்?

கணினித் திரையில், சி.டி. ஸ்கேனின் ஒவ்வொரு துண்டுப் படத்திலும் கட்டியைச் சுற்றி எல்லைக்கோடு வரைய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கட்டி, தெரியாமல் பரவியிருக்கக்கூடிய பகுதி, நோயாளி லேசாக அசைந்தாலும் தவறாமலிருக்க விடும் இடைவெளி என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கோடுகள். உமிழ்நீர்ச் சுரப்பி, தண்டுவடம் போன்ற காப்பாற்ற வேண்டிய உறுப்புகளையும் தனியே குறிக்க வேண்டும். ஜூனியர் வரைந்ததை சீனியர் திருத்துவார். எத்தனை கதிர், எந்தக் கோணம் என்ற திட்டத்தை மருத்துவ இயற்பியலாளர் போடுவார்.

வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு வாரம் 5 நாள் வீதம் 7 வாரம், 35 முறை கதிர்வீச்சு தருவது வழக்கமான ஒரு திட்டம். வாரா வாரம் வாய்ப்புண்ணையும் எடையையும் பார்ப்பவர் ஜூனியர். "புண் ஆறட்டும், அப்புறம் வர்றோம்" என்று நீங்களாக இடையில் நிறுத்தினால் சிகிச்சையின் பலன் குறையும். அதற்கு முன் அவரிடம் பேசுங்கள்.

அவர் சட்டையில் இருக்கும் சின்ன பேட்ஜைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் உடலில் படும் கதிர்வீச்சை அளப்பது அது. இந்திய விதிப்படி ஐந்தாண்டு சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது. எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்"

மருந்துக்குக் கணக்கு இருக்கிறது, கதிருக்கு பேட்ஜ் இருக்கிறது. கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதற்கு?

அதற்கும் முறை உண்டு. 2000-ல் வெளியான, ஆறு படிகள் கொண்ட ஒரு வழிமுறை உலகம் முழுவதும் கற்பிக்கப்படுகிறது. தனியிடத்தில் உட்கார்வது, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, எளிய வார்த்தையில் சொல்வது, அழுதால் பொறுத்திருப்பது, அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து திட்டமிடுவது. எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலேயே நோயாளியோடு பேசும் முறை, நெறிமுறை ஆகியவை தனித் தொகுதியாகச் சேர்ந்தது 2019-ல்தான். அதற்கு முன் படித்தவர்கள் சீனியர் பேசுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றவர்கள். சீனியர் நன்றாகப் பேசுபவராக இருந்தால் அவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

கூட்டம் நெரியும் ஓ.பி.யில் இந்த ஆறு படிக்கும் எங்கே நேரம்? ஒரு கணக்குக்கு, நான்கு மணி நேரத்தில் ஒருவர் 40 பேரைப் பார்த்தால் தலைக்கு 6 நிமிடம். அந்த ஆறு நிமிடத்துக்குள், "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்று மகன் கதவோரம் நின்று கெஞ்சுகிறார். உள்ளே அப்பாவோ, "எனக்கு என்னன்னு இவங்க சொல்ல மாட்டேங்கிறாங்க" என்கிறார். இருவருக்கும் நடுவில் நிற்பது அந்த ஜூனியர்.

வலிக்கு மார்ஃபின் எழுதும்போதும் இதே கதைதான். அடிமையாகிவிடுவாரோ என்று வீட்டில் பயம். சரியான அளவில், கண்காணிப்போடு தந்தால் புற்றுநோய் வலிக்கு அது அத்தியாவசிய மருந்து. 1985-ன் போதைப்பொருள் சட்டத்தால் மருத்துவமனைகளே அதை வாங்கத் தயங்கிய நிலை இருந்தது. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதாக்கப்பட்டது.

அவர் எத்தனை மணி நேரம் தூங்கினார்?

இது அவர் சொந்த விஷயம் மட்டுமல்ல. மருந்துக் கணக்கைப் போடுவது அவர்தான்.

1992-ல் மத்திய அரசின் ரெசிடென்சி விதி, வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர் டியூட்டி 12 மணி நேரத்துக்கு மிகாமல் என்றது. 2023-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலை விதிமுறை எண் எதுவும் சொல்லாமல், "நியாயமான வேலை நேரம்" என்று நிறுத்திக்கொண்டது. 2024-ல் அதே ஆணையம் அமைத்த தேசியப் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று பரிந்துரைத்தது.

74-ஐ ஆறு நாளுக்குப் பிரித்தால் தினமும் 12 மணி நேரத்துக்கு மேல். ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கே இது அதிகமாகத் தெரியும். ஆனால் 36 மணி நேரத் தொடர் டியூட்டி பற்றி ரெசிடென்ட் டாக்டர் சங்கங்கள் புகார் சொல்லிக்கொண்டிருக்கும் நாட்டில், இந்த 74-கூட முன்னேற்றம்தான். இதற்கு நடுவில் ஆய்வுக் கட்டுரையும் எழுத வேண்டும், மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையிலும் பணியாற்ற வேண்டும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

- நோய் தொடங்கிய நாள், எடுத்த சிகிச்சை, சாப்பிடும் மருந்துகள், அலர்ஜி ஆகியவற்றை ஒரே தாளில் தேதிவாரியாக எழுதிக் கொடுங்கள். அந்த ஆறு நிமிடத்தில் இரண்டு மிச்சமாகும்.
- "இந்த முறை எடை பார்த்தீங்களா? டோஸ் மாறுதா?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.
- ராத்திரி காய்ச்சல் வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், எங்கே வர வேண்டும் என்பதை முதல் கீமோ அன்றே எழுதி வாங்குங்கள்.
- சீனியரைப் பார்க்க வேண்டும் என்றால் நேரடியாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஜூனியரைத் திட்டித்தான் அதைப் பெற வேண்டும் என்றில்லை.
- என்ன சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம் என்று டாக்டரிடம் பேரம் பேசும் முன், வீட்டில் அப்பாவிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்: "உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுக்கணுமாப்பா?"

அந்தக் கேள்வியை அறிமுகமில்லாத இளம் டாக்டர் ஒருவர் கேட்பதைவிட நீங்கள் கேட்பது அவருக்கு எளிதாக இருக்கும்.