பனிக்கட்டி செய்த தபால் மாஸ்டர்

சென்னையில் திருவல்லிக்கேணிக் கடற்கரையோரம் நிற்கும் ஐஸ் ஹவுஸை நம் காலனியில் அறியாத பெரியோர் இரார். 1897ஆம் ஆண்டு சுவாமி விவேகானந்தர் தங்கியமையால் இன்று விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்று விளங்கும் அக்கட்டடம், பாஸ்டன் நகர வணிகர் பிரெடெரிக் டியூடர் கப்பலில் அனுப்பிய ஏரிப் பனிக்கட்டியைச் சேமிக்க எழுந்த கிடங்காகும். அவருடைய முதற் கப்பல் 1833 செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தது. வழியில் உருகியது போக ஏறக்குறைய நூறு டன் எஞ்சியிருந்ததாம்.

அதே 1833இல், அமெரிக்காவின் தென்கோடியில், புளோரிடாப் பிரதேசத்து அப்பலாச்சிகோலா என்னும் சிறு துறைமுகப் பட்டினத்தில் ஓர் இளம் மருத்துவர் வந்து குடியேறினார். ஜான் கோரி என்பது அவர் பெயர். அவரைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

ஆற்று வழியே வரும் பருத்தி மூட்டைகளைக் கப்பலேற்றும் ஊர் அது. அப்பருத்தி அடிமைகளின் உழைப்பில் விளைந்தது என்பதையும் சொல்லாமல் விடலாகாது. சிற்றூரில் படித்தவர் ஒருவர் கிடைத்தால் எல்லாப் பொறுப்பையும் அவர் தலையில் ஏற்றிவிடுவது எந்நாட்டிலும் வழக்கம் போலும்! (நம் சங்கத்துக் காரியதரிசிகள் இதை நன்கறிவர்.) கோரி நோயாளிகளைப் பார்த்தார், தபால் மாஸ்டராக இருந்து கடிதங்களையும் கவனித்தார், நகரசபை உறுப்பினரானார், வங்கிக் கிளைக்குத் தலைவரானார், 1837இல் மேயராகவும் ஆனார். மறு ஆண்டு, அவ்வூரில் ஓட்டல் நடத்திவந்த கரோலின் என்னும் கைம்பெண்ணை மணந்தார். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர்.

1841இல் அவ்வட்டாரத்தில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. அழுகிய சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்பது அக்கால மருத்துவரின் கொள்கை. கோரியும் அவ்வாறே நம்பினார். சதுப்புகளை வடிகட்டி உலர்த்துமாறு ஊராரை வற்புறுத்தினார். காரணம் பிழையெனினும் காரியம் சரியே. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் நம் நாட்டுச் செகந்திராபாத்தில் கண்டது 1897இல்தான்.

கோரி நோயாளியின் அறையில், கூரையருகே ஒரு பாத்திரம் கட்டி, அதில் பனிக்கட்டி இட்டார். குளிர்ந்த காற்று கனமாதலின் கீழே இறங்கி, நோயாளியின் மேல் தவழ்ந்து, தரையருகேயுள்ள துவாரத்தின் வழியே வெளியேறும். 1934இல் நம் பிராண்டியர் மெயிலில் ஒரு பெட்டியைக் குளிர்வித்ததும் பனிக்கட்டியைக் கொண்டே என்பதை, ரயில்வே ஊழியராகிய நாம் பெருமையுடன் நினைவுகூரலாம்.

ஆனால் வடக்கேயிருந்து கப்பல் வந்தால்தான் பனிக்கட்டி; வராவிடில் நோயாளியின் கதி? இக்கேள்வி அவரை வாட்டியது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுவதை நம் பிள்ளைகள் அறிவர். காற்றை அமுக்கினால் சூடு பிறக்கும். அச்சூட்டைத் தண்ணீரால் போக்கிவிட்டு, அமுங்கிய காற்றை விரியவிட்டால் அது கடுங்குளிர் கொள்ளும். இவ்வுண்மையை வைத்து அவர் ஒரு பொறி அமைத்தார். 1845இல் மருத்துவத் தொழிலையே துறந்து இதில் இறங்கினார். குடும்பஸ்தர் ஒருவர் வருமானமுள்ள தொழிலை விடுவது எத்தகைய துணிவு என்பதை, மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் நாம் உணராதிருக்க இயலாது.

1850 ஜூலை 14, பிரெஞ்சு தேசியத் திருநாள் விருந்தில், ஐஸ் கப்பல் வராத அவ்வெயிற் பொழுதில், தட்டுத் தட்டாகப் பனிக்கட்டி பரிமாறி விருந்தினரை வியக்கச் செய்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. 1851 மே 6ஆம் நாள் அவருக்கு 8080ஆம் எண் அமெரிக்கக் காப்புரிமை கிட்டியது.

எனினும் பணம் கிட்டவில்லை. கடவுளோடு போட்டியிடும் கிறுக்கர் என்று பத்திரிகைகள் எள்ளி நகையாடின. அதன் பின்னே ஏரிப் பனிக்கட்டி வணிகர் டியூடரின் கை உண்டென அவர் ஐயுற்றார் என்பர். பொருளுதவி செய்ய முன்வந்த கூட்டாளியும் இறந்துபோனார். ஊர் முழுதும் மதித்த மனிதர், கையிருப்பும் உடல்நலமும் இழந்து, 1855 ஜூன் 29ஆம் நாள் காலமானார். வயது ஐம்பதைச் சற்றே கடந்திருந்தது.

நான்கே ஆண்டுகளில், 1859இல், பிரான்சு நாட்டுப் பெர்டினான் காரே வேறொரு முறையில் குளிர்பொறி அமைத்துப் பேர் பெற்றார். அந்நூற்றாண்டு முடியுமுன் சென்னையிலும் இயந்திர ஐஸ் வந்தது. டியூடரின் கிடங்கு வெறுமையாயிற்று.

அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒவ்வொரு மாநிலமும் தன் பெரியோர் இருவரின் சிலையை வைக்கலாம். 1914இல் புளோரிடா அங்கு நிறுவியது இத்தபால் மாஸ்டரின் சிலையை. அவர் காப்புரிமைக்கு அனுப்பிய மாதிரிப் பொறி வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் உள்ளது. அதன் படி ஒன்றை, அப்பலாச்சிகோலாவில் அவர் பெயரால் விளங்கும் சிறு அருங்காட்சியகத்தில் வைத்திருக்கின்றனர்.