பஞ்சமும் ஞானஸ்நானமும்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் எமது மன்னார்ப் பகுதிக்கும் அந்நியமானதன்று. அக்காலத்தில் கடல் கடந்து இக்கரையில் இறங்கிய தமிழ்க் கூலி மக்கள், காட்டு வழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாகச் சென்றனர். கோப்பித் தோட்டத்தைக் காணாமலே வழியில் மாண்டோர் பலர். அதே பஞ்சத்தில், வடக்கே தெலுங்கு நாட்டில், மற்றொரு கூட்டம் மண்வெட்டியைத் தோளில் ஏற்றியது. ஓங்கோல் பப்டிஸ்ட் சபையைப் பெருகச் செய்தது அக்கூட்டமே. மிஷனரிமாரின் நூல்களில் இது தேவனின் அற்புதம். எதிர்த்தோர் வாயிலே, சோற்றுக்கு மதம் மாறிய கதை. இவ்விரண்டிலும் அந்த மக்களைக் காணோம். அவர்கள் பக்கத்தில் நின்று இவ்வரலாற்றை நோக்குவதே நமது எண்ணம்.

பப்டிஸ்ட் நெறி 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாட்டை விட்டு ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடிய ஆங்கிலேயரிடையே உருவாயிற்று. குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை. அறிவறிந்து விசுவாசத்தை அறிக்கையிட்டவனை மட்டுமே நீரில் முழுக்குவர். ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும். வில்லியம் கேரி 1793இல் வங்காளத்துக்கும், ஜேம்ஸ் சேட்டர் 1812இல் கொழும்புக்கும் இந்நெறியைக் கொணர்ந்தனர். தனி மனிதனின் மனச்சாட்சியையே அடித்தளமாகக் கொண்ட இந்நெறி, தெலுங்கு நாட்டில் ஒரு சாதி முழுவதும் திரண்டு வந்து வாயிலில் நின்றபோது என்ன செய்தது என்பதுதான் சுவையான பகுதி.

சாமுவேல் டே என்னும் அமெரிக்கர் 1836இல் இந்தியா வந்து 1840இல் நெல்லூரில் அமர்ந்தார். கால் நூற்றாண்டு உழைத்தும் சேர்ந்தவர் சிலரே. அந்த மிஷனை மூடிவிடலாமா என்று அமெரிக்காவில் ஒருமுறைக்கு மேல் ஆலோசித்தனர். வரைபடத்தில் தனித்து நின்ற நெல்லூருக்கு ‘தனி நட்சத்திரம்’ என்ற பெயரும் வந்தது. டேக்குப் பின்வந்த லைமன் ஜூவெட் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 1865இல் ஜோன் கிளவ் வந்து சேர்ந்தார். அவர் முன்னர் நில அளவையாளராக இருந்தவர். அந்தத் தொழிலறிவு பிற்காலத்தில் கைகொடுத்தது.

ஆனால் சபையின் மெய்யான கதாநாயகன் கிளவ் அல்லர். எர்ரகுண்ட்ல பேரய்யா என்னும் மாதிகர். மாதிகர் தோற்தொழிலாளர். கமக்காரனுக்குச் செருப்பும், கிணற்று நீர் இறைக்கும் தோற்சாலும் செய்து கொடுத்து, அறுவடையில் அவன் அளந்து போட்டதைப் பெற்றுக்கொண்டு, ஊர்ப்புறத்துச் சேரியில் வாழ்ந்தவர்கள். திருவிழாவில் பறை அடிப்பதும் செத்த மாட்டை அகற்றுவதும் அவர்கள் கடமை. அந்த இறைச்சியே அவர்கள் உணவு. பேரய்யாவோ யோக நெறியில் பழகி, சேரிகளில் குருவென மதிக்கப்பட்டவர். 1866இல் அவர் ஞானஸ்நானம் பெற்றார். வெள்ளைக்காரர் வருமுன்பே சேரிக்குள் மெய்ப்பொருள் தேட்டம் இருந்தது. பேரய்யா தம் உறவு வழியே ஊர் ஊராக நடந்து செய்தியைச் சொன்னார். 1867 ஜனவரி 1இல் ஓங்கோல் சபை 8 பேருடன் அமைந்தது.

புதிதாகச் சேர்ந்தோருக்கு விதிக்கப்பட்டவை மூன்றே: ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாதே, செத்த மாட்டைத் தின்னாதே, விக்கிரகத்தை வணங்காதே. பார்வைக்கு எளிய கட்டளைகள். ஆனால் ஏழில் ஒரு நாள் எனக்குரியது என்று ஒரு மாதிகன் சொல்வது, ஊதியமின்றி ஏவல் வாங்கிப் பழகிய ஊர் அதிகாரிக்கு எத்தகைய இடி! பறை அடிக்க மறுத்தபோது கிணறு மறுக்கப்பட்டது. அடியும் பொய் வழக்கும் தொடர்ந்தன. எமது மன்னாரில் 1544இல், பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்ற எளிய மக்களில் 600 பேருக்கு மேல் சங்கிலி மன்னன் ஆணையால் வெட்டுண்டனர் என்பது மரபு. தெலுங்கு நாட்டில் வாள் எழவில்லை, பட்டினி போதியதாயிருந்தது. ஓங்கோல் மிஷன் பள்ளியிலும் மாதிகர் வரவால் உயர்சாதிப் பிள்ளைகள் விலகினர். உயர்சாதியாரா, மாதிகரா என்ற கேள்வி எழுந்தபோது கிளவ் மாதிகரைத் தேர்ந்தார். அவரிடம் நாம் மதிக்கும் செயல்களில் இதுவே முதன்மையானது.

பின்னர் பஞ்சம் வந்தது. அரசாங்கம் நிவாரண வேலையாகப் பக்கிங்காம் கால்வாயை வெட்டுவித்தது. அதில் மூன்றரை மைல் தூரத்தைக் கிளவ் ஒப்பந்தத்தில் எடுத்தார். பிற இடங்களில் மேற்பார்வையாளர் சாதி இழிவு கூறி விரட்டினர். இங்கே சபையின் போதகர்களே மேற்பார்வை செய்தனர், கூலி முழுமையாகக் கைக்கு வந்தது. மண் சுமந்து ஓய்ந்த மாலையில் வேதக் கதை கேட்டனர். ஞானஸ்நானம் கேட்டோர் ஏராளம். ஆயினும் சோற்றுக்காக வந்தவர் என்ற பழி வரக்கூடாதென்று ஓராண்டுக்கு மேலாக ஒருவரையும் கிளவ் சேர்க்கவில்லை. 1878இல் நிவாரணம் நின்றது. கொடுப்பதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார். கூட்டம் கலையவில்லை.

வெல்லம்பள்ளி அருகே குண்டலகம்மா ஆற்றில், ஜூலை 3ஆம் நாள் மட்டும் 2,222 பேர் முழுகி எழுந்தனர். அதற்கு முன்நாளும் பின்நாளும் சேர்த்து 3,536 பேர். சுதேசப் போதகர் அறுவர், இருவர் இருவராக மாறி மாறி நின்று முழுக்கினர். அன்றுவரை யாருடைய கை பட்டால் நீர் தீட்டுப்படும் என்றார்களோ அந்தக் கைகள் அவை.

கிளவின் இரண்டாம் மனைவி எம்மா ரவுஷன்புஷ், மாதிகரின் வாய்மொழிகளைச் செருப்புத் தைப்போர் கதைகளாக 1899இல் நூலாக்கினார். அப்பெண்மணிக்கு நாம் கடன்பட்டுள்ளோம்.

ஆற்றில் கரையாதது சாதி. மாதிகர் பெருகிய சபையில் மாலர் தயங்கினர். மாலர் பெருகிய சபையில் மாதிகர் நிற்கவில்லை. நிலமோ பழைய கைகளிலேயே இருந்தது. 1985 ஜூலை 17இல், ஓங்கோலைத் தலைநகராகக் கொண்ட பிரகாசம் மாவட்டத்தின் காரம்சேடு கிராமத்தில், குடிநீர்க் குளத்தை அசுத்தப்படுத்தியதைக் கண்டித்த தகராற்றுக்குப் பழியாக, நிலவுடைமையாளர் மாதிகர் சேரியைத் தாக்கி அறுவரைக் கொன்றனர். சேரி முழுவதும் சீராலாவுக்கு ஓடியது. அவர்களிற் பலர் கிறிஸ்தவர்.

1950இல் இந்திய அரசு வகுத்த பட்டியல் சாதி ஆணை இந்துக்களுக்கே உரியதாயிற்று. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆகவே எத்தனையோ மாதிகப் பிள்ளைகளுக்கு இன்று இரண்டு பெயர்கள்: பள்ளிப் பதிவேட்டில் ஒன்று, சபைப் பதிவேட்டில் மற்றொன்று.