மணி ஒலிக்காத அட்டைகள்

1890ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஒருவரின் பால், வயது, பிறப்பிடம் முதலியவற்றைத் துளைகளாகத் தாங்கிய துளையட்டைகளை ஹெர்மன் ஹொலரித்தின் பொறி எண்ணியது; மேலிருந்து இறங்கும் ஊசிகள் துளை வழியே பாதரசக் கிண்ணங்களைத் தொட்டதும் மின்சுற்று நிறைவுற்று, எண்முகப்பு நகர்ந்து, மணி ஒலித்தது. இன்றியமையாத துளை விடுபட்ட அட்டைக்கு மணி ஒலிக்காததால், அது தனியே எடுத்து வைக்கப்பட்டது. நிரப்பாத கட்டத்தை இயந்திரமே மறுக்கும் வழக்கம் இங்கேதான் வலுவாக வேரூன்றியது எனலாம். ஆயினும் ஆண் என்பதற்குப் பெண் எனத் துளையிட்டால் பொறி அதை ஐயமின்றி ஏற்றது. இக்குறையைப் போக்கவே, அதே படிவத்தை இரண்டாம் பணியாளர் மீண்டும் தட்டி ஒப்பிடும் சரிபார்ப்புப் பொறிகள் பின்னர் வந்தன. அவற்றுள் ஐபிஎம் நிறுவனத்தின் 056, இரு பதிவுகளும் ஒத்த அட்டையின் வலவிளிம்பிலும், ஒவ்வாத அட்டையில் பிழையுள்ள நெடுவரிசைக்கு நேர்மேலேயும் சிறு வெட்டு இட்டது.