திருத்தமும் மறுமொழியும்: இடைநிலைப் பாடசாலை ஆங்கில எழுத்துப் பயிற்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மாணவரின் ஆங்கிலக் கட்டுரையில் ஆசிரியர் இடும் சிவப்புமைக் கோட்டினை வெறும் கற்பித்தல் உத்தியாகவே நாம் கருதி வந்துள்ளோம். அதற்கும் ஒரு சமூக வரலாறு உண்டு.

1880 ஆம் ஆண்டு கேம்பிறிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கையில் முதன்முதலாக நடைபெற்றன. விடைத்தாள்கள் கப்பலேறி இங்கிலாந்து சென்றன. திரும்பி வந்தவை பெறுபேறுகளே. எழுதியதை எவ்வாறு செம்மைப்படுத்தலாம் என்று கூறும் குறிப்பெதுவும் மாணவரை வந்தடையவில்லை. மறுபுறம், குடியேற்ற ஆட்சியின் அலுவலகங்களுக்குப் பிழையற எழுதும் எழுதுவினைஞர் தேவைப்பட்டனர். இச்சூழலில் வகுப்பாசிரியர், கண்ணுக்குப் புலப்படாத பரீட்சகரின் பிரதிநிதியானார் எனலாம். வாசிப்பதிலும் பிழை எண்ணுவதே அவரது பணியாயிற்று.

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பாடசாலைக் கதவுகளைப் பரந்துபட்ட மக்களுக்குத் திறந்தது. ஐம்பதுகளில் இடைநிலை வகுப்புகளிலும் தாய்மொழிப் போதனை படிப்படியாக இடம்பெற, ஆங்கிலம் இரண்டாம் மொழியாயிற்று. மாணவரின் வர்க்கப் பின்னணி மாறியது. மொழியின் நிலை மாறியது. திருத்தும் முறை பெரிதும் மாறவில்லை. ஆங்கிலம் பேசும் நகர்ப்புறக் குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டிலும் வாசகர் உளர். கிராமத்துப் பிள்ளையின் ஆங்கிலத்துக்கோ ஆசிரியர் ஒருவரே வாசகர். அவரும் நீதிபதியாக மட்டும் நிற்பாராயின், பிழை நேராத நாலைந்து வாக்கியங்களுக்குள் அப்பிள்ளை ஒடுங்கிவிடும். பல்கலைக்கழக மாணவர் ஆங்கிலத்தைச் சிங்களத்திலே 'கடுவ', அதாவது வாள், என வழங்கியமை தற்செயலன்று.

1985 இல் விவியன் சமெல், ஆசிரியர்கள் மாணவரின் எழுத்தை முடிவுற்ற ஆக்கமாகவே கொண்டு, தெளிவற்றனவும் முரண்பட்டனவுமான குறிப்புகளை எழுதுவதைச் சுட்டிக்காட்டினார். 1996 இல் ஜோன் ட்ரஸ்கொட், எழுத்து வகுப்பில் இலக்கணத் திருத்தத்தையே கைவிடவேண்டும் என வாதிட்டார். 1999 இல் டானா பெரிஸ் அதனை மறுத்தார்.

திருத்தத்தை முற்றாகக் கைவிடுதல் நமது சூழலுக்குப் பொருந்தாது என்பதே எமது கருத்து. வேறெங்கும் திருத்தம் கிடைக்காத மாணவரையே அது கைவிட்டதாக முடியும். வேண்டுவது, ஒரு தடவையில் ஓரிரு குறைகளைச் சுட்டி, கருத்துக்கும் மறுமொழி கூறி, அதே கட்டுரையை மீள எழுத வாய்ப்பளிக்கும் முறையாகும். நாற்பது கொப்பிகளைச் சுமக்கும் ஆசிரியரிடம் இதற்கான நல்லெண்ணத்தை மட்டும் கோருதல் நியாயமன்று. வகுப்பின் அளவையும் ஆசிரியரின் நேரத்தையும் பரீட்சையின் ஆதிக்கத்தையும் விட்டுவிட்டுத் திருத்தும் முறையை மாத்திரம் சீர்திருத்த இயலாது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.