ஆயுத பூசையும் புயல் மாதமும்



2018-ம் வருஷம் ஆயுத பூசை அக்டோபர் 18-ந் தேதி வந்தது. அதற்கு 29-வது நாள், நவம்பர் 16 விடிவதற்கு முன்னாலேயே, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. 2020-ல் பூசை அக்டோபர் 25. சரியாக ஒரு மாதம் கழித்து நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரி பக்கம் கரையைத் தொட்டு, நம்ம ராணிப்பேட்டை, வேலூர் வழியாகத்தான் உள்ளே நகர்ந்தது. வர்தா 2016 டிசம்பர் 12, தானே 2011 டிசம்பர் 30. எல்லாம் பூசைக்குப் பிற்பாடுதான். கத்தி, கோடாரி, ரம்பத்தைத் துடைத்துப் பொட்டு வைக்கிற நாளைப் பெரியவர்கள் புயலை நினைத்துத்தான் வைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் காலம் என்னவோ பொருந்தித்தான் வருகிறது.

"காவேரிப்பாக்கம் எங்கே, கடல் எங்கே?" என்று நீங்கள் கேட்கலாம். சென்னைக் கடற்கரை இங்கிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். காற்றின் வேகம் இங்கே வருவதற்குள் குறைந்துவிடும், உண்மை. ஆனால் மழை குறையாது. நாலு நாள் மழையில் மண் குழம்பாகி வேர்ப்பிடி தளர்ந்த புளிக்கும் மாமரத்துக்கும் கொஞ்சம் காற்றே போதும். மரங்களுக்கு நம்ம ஊரில் எக்காலத்திலும் குறைவில்லை. மூன்றாம் நந்திவர்மன் என்ற பல்லவ மன்னர் காலத்து ஏரி என்று பேர் பெற்றது நம்ம ஏரி. 1752 பிப்ரவரியில் கிளைவின் படைக்கும் பிரெஞ்சுக்காரர் படைக்கும் இங்கே நடந்த சண்டையில், பிரெஞ்சுக்காரர்கள் பீரங்கிகளை ஒரு மாந்தோப்புக்குள்தான் மறைத்து வைத்திருந்தார்கள். பீரங்கியை மறைக்கிற அளவுக்கு அடர்ந்த தோப்பு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் மரம் விழுந்தால் என்ன செய்தார்கள்? கோடாரி, வெட்டுக்கத்தி, கடப்பாரை, வடக்கயிறு, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிற பெரிய ரம்பம், இவ்வளவுதான். அகலமான அடிமரத்தை அறுக்க அரை நாள்கூட ஆகும். ஆனாலும் ஒரு நன்மை இருந்தது. அந்தக் கருவிகளுக்கு வருஷம் முழுக்க வேலை. விறகு, ஏர், வண்டி, வீட்டு உத்தரம் எல்லாவற்றுக்கும் கோடாரியும் ரம்பமும் தேவைப்பட்டன. கருமான் உலையில் கோடாரியைத் தோய்த்து, ரம்பத்தின் பல்லை அரத்தால் தீட்டி, ஒன்றுவிட்டு ஒன்றை இடமும் வலமுமாகச் சாய்த்துத்தான் வைத்திருப்பார்கள். புயலுக்கென்று தனியாகத் தயார் செய்ய வேண்டிய தேவையே வரவில்லை.

பிறகு மிஷின் வந்தது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926-ல் மின்சாரத்தில் ஓடும் செயின் ரம்பத்தையும், 1929-ல் பெட்ரோலில் ஓடுவதையும் செய்தார். இரண்டுமே இரண்டு ஆள் தூக்க வேண்டிய கனம். அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, 1946-ல் ஒரு வண்டின் புழு மரத்தை எந்த வாக்கிலும் சுலபமாகக் கடித்துத் துளைப்பதை உட்கார்ந்து கவனித்தார். அதன் தாடை மாதிரியே செயினுக்குப் பல் அமைத்தார். இன்றைக்கும் பல் வடிவம் அதுதான். நம்ம மாமரத்தைத் துளைத்துக் குடியைக் கெடுக்கிற தண்டுத் துளைப்பான் புழுவும் அந்த வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நமக்கு அது பகை, அவருக்கு அது வாத்தியார்!

இந்த மிஷின் அரை நாள் வேலையைச் சில நிமிஷத்தில் முடிக்கிறது. ஆனால் விவசாயி வீட்டில் அதற்கு வருஷத்தில் பத்து நாள்கூட வேலை கிடையாது. மூலையில் கிடந்து, புயல் அடித்த மறுநாள் காலையில்தான் வெளியே வருகிறது. கயிற்றை இழுத்தால் கிளம்பாது. அன்றைக்கு மெக்கானிக்கும் கிடைக்கமாட்டார், கரண்டும் இருக்காது. கஜாவுக்குப் பிறகு அரசாங்கம் விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவித்தது. வெட்டுக்கூலி மரத்துக்குக் கொடுத்ததை எட்டிப் பிடிக்கிறது, பாருங்கள்!

ஆகவே பூசைக்கு மிஷினுக்குப் பொட்டு வைக்கும்போதே, அதை ஒருமுறை கிளப்பியும் பாருங்கள். பழைய பெட்ரோலை முதலில் கொட்டிவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரில் பிசின் கட்டும். ஒரு மாதத்துக்கு மேல் கலவையை வைக்கக் கூடாது. டூ ஸ்ட்ரோக் ஆயில் எவ்வளவு என்பதை மிஷின் புத்தகத்தில் பாருங்கள். பல மிஷின்களுக்கு லிட்டருக்கு 20 மில்லி. செயினுக்கு விடும் எண்ணெய் வேறு, இரண்டையும் குழப்ப வேண்டாம். காற்று வடிகட்டியைத் தட்டிக் கழுவுங்கள். செயின் தகட்டின் அடியில் தொங்கக் கூடாது, அதேசமயம் கையால் இழுத்தால் ஓட வேண்டும். அறுக்கும்போது தூளாக இல்லாமல் சில்லு சில்லாக விழுந்தால் பல் கூர்மையாக இருக்கிறது என்று அர்த்தம். மாவு மாதிரி வந்தால் உருட்டு அரத்தை எடுங்கள். பழைய கோடாரியையும் கை ரம்பத்தையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். பெட்ரோல் தீர்ந்த அன்று அவைதான் துணை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோலில் தைத்த பூட்ஸ் எந்தெந்த நாட்டுக்கோ போகிறது. நம்ம ஆள் மட்டும் வெறுங்காலோடு, ஈரத்தில், ஓடுகிற செயினுக்குப் பக்கத்தில் நிற்கிறான். பூட்ஸ், கையுறை, கண்ணாடி மூன்றையும் மிஷினோடு சேர்த்தே வாங்கி வையுங்கள்.

விழுந்த மரத்தின்மேல் கம்பி கிடந்தால், மின்வாரிய ஆள் வந்து சொல்லும்வரை தொடாதீர்கள். ஊரில் கரண்ட் இல்லை என்பதை நம்பக் கூடாது. யாரோ ஓட்டுகிற ஜெனரேட்டரிலிருந்து அந்தக் கம்பிக்கு மின்சாரம் வரக்கூடும். வேரோடு சாய்ந்த மரத்தை அறுத்ததும் அடிக்கட்டை திடீரென்று நிமிர்ந்து குழியை மூடும். அந்தக் குழிப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். இரண்டு முனையும் தாங்கி நடு தொங்குகிற மரத்தில் மேல்பக்கம் அமுங்கியிருக்கும், ஒரு முனை அந்தரத்தில் இருந்தால் கீழ்ப்பக்கம் அமுங்கியிருக்கும். அமுங்கின பக்கத்தில் முதலில் கொஞ்சம் அறுத்து, மிச்சத்தை எதிர்ப்பக்கம் அறுத்தால் ரம்பம் சிக்காது. தகட்டின் நுனியால் அறுத்தால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். தோளுக்கு மேலே தூக்கியும் அறுக்க வேண்டாம்.

அறுத்த தென்னந்தண்டைத் தோப்பிலேயே போட்டு வைக்காதீர்கள். அது மட்கும்போது காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகி, நிற்கிற மரத்தின் குருத்துக்கு வரும். விறகாக்கி அப்புறப்படுத்துங்கள். பக்கத்திலுள்ள எருக்குழியில் வண்டின் புழுக்கள் தென்பட்டால் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தைக் கலந்துவிடலாம், புழுக்கள் நோய் கண்டு சாகும்.