கெம்ப் என்றொரு ஆட்டக்காரன்

 

சில ஆண்டுகளுக்கு முன் இங்கே நியூ ஜெர்சியில் ஒரு கோடை மாலையில், திறந்தவெளியில் ஷேக்ஸ்பியரின் ‘மச் அடூ அபவுட் நத்திங்’ பார்த்தேன். காவலர் தலைவன் டாக்பெரி ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுக் குழப்ப, குழந்தைகள்கூடச் சிரித்தார்கள். வீடு திரும்பி, 1600-இல் அச்சான பதிப்பின் படங்களை இணையத்தில் தேடிப் பார்த்தேன். விசாரணைக் காட்சியில் டாக்பெரி பேசும் இடங்களில் ‘கெம்ப்’ என்று அச்சாகியிருக்கிறது. எழுதும்போது ஷேக்ஸ்பியரின் மனதில் நின்றது பாத்திரம் அல்ல, அதை ஆடப்போகிற ஆள்.

வில்லியம் கெம்ப். லெஸ்டர் பிரபுவின் ஆளாக இருந்தவர். 1586-இல் டென்மார்க்கின் எல்சினோரில் ஆடியிருக்கிறார். ஹாம்லெட்டின் அதே எல்சினோர், அந்த நாடகம் எழுதப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் முன்பு! 1594 கிறிஸ்துமஸுக்கு அரசி எலிசபெத் முன் நடித்ததற்கான கணக்கில் கெம்ப், ஷேக்ஸ்பியர், ரிச்சர்ட் பர்பேஜ் மூவர் பெயரும் சேர்ந்து வருகின்றன.

அவருடைய தனிச்சிறப்பு ‘ஜிக்’. நாடகம் முடிந்தபின் ஆடும் சிறு கூத்து, பாட்டும் ஆட்டமும் கொச்சையான கேலியும் கலந்தது. எனக்கு மதுரைப் பக்கத்துத் திருவிழாக்களின் ஸ்பெஷல் நாடகம் நினைவுக்கு வந்தது. ‘வள்ளி திருமண’த்தில் ராஜபார்ட் வருவதற்கு முன்பே பபூன் வந்துவிடுவார். சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்களுக்குப் பிரதி உண்டு. பபூன் பேசுவதற்குக் கிடையாது. அன்றைய ஊர், அன்றைய கூட்டம், முன்வரிசையில் தூங்கும் பெரிய மனிதர், இவைதான் அவருக்குப் பிரதி.

கவிஞனுக்கு இது சங்கடம்தான். 1599-இல் குளோப் அரங்கின் பங்குதாரர்களில் ஒருவராகச் சேர்ந்த கெம்ப், விரைவிலேயே விலகிவிட்டார். கோமாளிகள் எழுதிக்கொடுத்ததற்கு மேல் பேசக்கூடாது என்று ஹாம்லெட் நடிகர்களுக்குச் சொல்வது கெம்ப்பைக் குத்தத்தான் என்று பலர் வாசிக்கிறார்கள். அவர் இடத்துக்கு வந்த ராபர்ட் ஆர்மின் வேறு வகை. பாடத் தெரிந்த, கூர்மையான விதூஷகன். ஆர்மின் வராமல் லியர் அரசனின் கோமாளி நமக்குக் கிடைத்திருக்க மாட்டான். அதை ஒப்புக்கொண்டேதான் நான் கெம்ப் பக்கம் நிற்கிறேன்.

விலகியவர் என்ன செய்தார்? 1600 பிப்ரவரியில் காலில் சலங்கை கட்டிக்கொண்டு லண்டனிலிருந்து நார்விச் வரை, நூறு மைலுக்கு மேல், ஆடிக்கொண்டே போனார். பந்தயம் கட்டித்தான். மேளம் அடிக்க ஒருவர், ஆட்டத்தில் ஏமாற்றவில்லை என்று சாட்சி சொல்ல ஒருவர். ஆடிய நாட்கள் ஒன்பது, இடையே ஓய்வுகளும் உண்டு. சட்பரியில் ஒரு கசாப்புக்காரர் கூட ஆட வந்து அரை மைலில் கைவிட்டார். அவரைக் கேலி செய்த ஒரு கிராமத்துப் பெண் சலங்கையை வாங்கிக் கட்டிக்கொண்டு ஒரு மைல் ஆடினாள். கெம்ப்பின் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் அவள்தான். நார்விச் மேயர் அவருக்கு ஆண்டுக்கு நாற்பது ஷில்லிங் கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆடிய காலணிகள் நகர மன்றச் சுவரில் தொங்கின.

இதெல்லாம் நமக்குத் தெரிவது, அவரே அதைப் புத்தகமாக எழுதியதால். தன்னைப் பற்றிப் பொய்ப்பாட்டுக் கட்டி விற்றவர்கள் மீதான கோபத்தில் எழுதியது. பிரதியை மதிக்காதவர் என்று பேர் வாங்கியவர், கடைசியில் தானே பேனாவை எடுக்கவேண்டி வந்தது.

பிறகு ஐரோப்பா போய்த் திரும்பினார். 1602-இல் அரங்க முதலாளி ஹென்ஸ்லோவிடம் இருபது ஷில்லிங் கடன் வாங்கிய குறிப்பு இருக்கிறது. 1603, லண்டனில் கொள்ளைநோய் பரவிய ஆண்டு. அந்த நவம்பரில் சதர்க் தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டில் ஒரு வரி: ‘கெம்ப், ஒரு ஆள்.’ அது இவராகவே இருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

என்னிடம் இருக்கும் இன்றைய பதிப்பில் அந்த விசாரணைக் காட்சியைத் திருத்தி, ‘கெம்ப்’ வரும் இடமெல்லாம் ‘டாக்பெரி’ என்று போட்டிருக்கிறார்கள்.